குமிழி நிற்கவில்லை, நுரையீரல் விரியவில்லை: அடுத்து என்ன?

லேடிஸ்மித்_எம்.ஓ.

வணக்கம். நெஞ்சடி பற்றிய பழைய இழைகளில் டென்ஷன் நியூமோதோராக்ஸ் (நெஞ்சறையில் காற்று அடைபட்டு அழுத்துவது) பற்றி அலசித் தீர்த்துவிட்டோம். மூச்சுக்குழாயும் அதன் கிளைகளும் கிழிவதைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. அதற்காக இந்த இழை.

தென்னாப்பிரிக்காவின் என்3 நெடுஞ்சாலையில் பக்கி (பிக்கப் வண்டி) ஒன்று லாரிக்குப் பின்னால் சொருகிக்கொண்டது என்று வையுங்கள். ஓட்டுநரின் நெஞ்சில் ஸ்டியரிங் மோதியிருக்கிறது. கழுத்து, முகம், நெஞ்சு எல்லாம் ஊதிப்போய், தொட்டால் நறநற என்கிறது. வலப்பக்கம் 32 ஃபிரெஞ்ச் ஐ.சி.டி. (நெஞ்சிலிருந்து காற்றை வெளியேற்றும் டிரெயின் குழாய்) போட்டாயிற்று. பாட்டிலில் குமிழி கொட்டுகிறது. எக்ஸ்ரேயில் நுரையீரல் விரியவே இல்லை. சி.டி. கிடையாது, நேரம் நள்ளிரவு. கிளைக்குழாய் கிழிந்திருக்கிறது என்று எந்தக் கட்டத்தில் முடிவு கட்டுவது? மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு அனுப்புவதா, போடாமல் அனுப்புவதா?


நெஞ்சறை (டர்பன்)

முதலில் நுரையீரலைக் குற்றம் சொல்லாதீர்கள், உங்கள் குழாயைப் பாருங்கள். டிரெயினின் கடைசி ஓட்டை தோலுக்கு அடியில் நின்றுவிட்டால் குமிழியும் வரும், தோலடிக் காற்றும் பெருகும், நுரையீரலும் விரியாது. டிரெயினைத் தோல் ஓரத்தில் இரண்டு மூன்று நொடி மட்டும் பிடித்துப் பாருங்கள். குமிழி நின்றால் கசிவு நோயாளியிடமிருந்து வருகிறது. நிற்காவிட்டால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். குமிழி வரும் டிரெயினை கிளாம்ப் போட்டு வைப்பது டென்ஷனை நாமே வரவழைப்பது.

டிரெயின் சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஐந்தாவது விலாவிடைவெளி, மிட்-ஆக்சிலரி (அக்குள் நடு) கோட்டுக்குச் சற்று முன்னால், மடங்கவில்லை, அடைக்கவில்லை என்றால் இரண்டாவது டிரெயின் போடுங்கள். 28 முதல் 32 வரை. நுரையீரல் சதையே கிழிந்திருந்தாலும் கசியும். ஆனால் நல்ல டிரெயின் இரண்டு இருந்தால் பெரும்பாலும் நுரையீரல் சுவரை வந்து தொட்டுவிடும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் இடைவிடாமல் கொட்டுகிறது, இரண்டு டிரெயின் போட்டும் விரியவில்லை என்றால் பெரிய குழாய் கிழிந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொலைபேசியை எடுங்கள். ஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவி) பார்த்துத்தான் சொல்வேன் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு துப்பு. டிரெயினில் சக்ஷன் (உறிஞ்சும் கருவி) இணைத்ததும் நோயாளிக்கு மூச்சுத்திணறல் கூடுகிறதா? அதுவே பெரிய கிளைக்குழாய்க் கிழிசலின் அடையாளம். இழுக்கிற மூச்சு நல்ல நுரையீரலுக்குப் போகாமல் ஓட்டை வழியே பாட்டிலுக்குப் போகிறது. உடனே சக்ஷனைக் கழற்றிவிட்டு வெறும் அண்டர்வாட்டர் சீலில் (குழாய் முனை தண்ணீருக்குள் நிற்கும் பாட்டிலில்) விடுங்கள்.

குமிழியே வராத வகையும் உண்டு. கிழிசல் மீடியாஸ்டைனத்துக்குள் (இரு நுரையீரலுக்கும் இடைப்பட்ட பகுதி) திறந்து, அதை மூடியிருக்கும் ப்ளூரா (நுரையீரல் உறை) கிழியாமல் இருந்தால் நியூமோதோராக்ஸ் இருக்காது. கழுத்து ஊதும், குரல் கம்மும், இருமலில் கொஞ்சம் ரத்தம் வரும். ஐ.சி.டி.க்கு அங்கே வேலை இல்லை. மூச்சுக்குழாயிலும் இடது மெயின் பிராங்கஸிலும் (முதன்மைக் கிளைக்குழாய்) ஏற்படும் கிழிசல்கள் இப்படி ஒளிந்துகொள்வது வழக்கம். இடதுபக்கக் குழாய் ஏறத்தாழ 5 செ.மீ. நீளம், அயோர்ட்டாவின் அடியில் மீடியாஸ்டைனத்துக்குள்ளேயே ஓடுகிறது. வலது குழாய் 2 செ.மீ. சொச்சம்தான், சட்டென்று ப்ளூராவுக்குள் வந்துவிடும்.


நெஞ்சறை (டர்பன்)

மேலே எழுதியதோடு ஒரு சேர்க்கை. எங்கே கிழியும் என்பது தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். மொத்தடியில் (தோலைத் துளைக்காத அடி) ஏற்படும் கிழிசல்களில் பத்தில் எட்டு, காரைனாவிலிருந்து (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) இரண்டரை செ.மீ.க்குள் இருக்கும். இடதை விட வலதில் அதிகம். காரணம் மூன்று, பல நேரம் மூன்றும் ஒன்றாகச் சேரும். நெஞ்சு முன்னும் பின்னும் நசுங்கும்போது இரண்டு நுரையீரலும் பக்கவாட்டில் விலக, காரைனா இழுபட்டுப் பிளக்கிறது. அடிபடும் நொடியில் குரல்வளை மூடியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, குருத்தெலும்பு இல்லாத பின்சுவர் நெடுக்கில் வெடிக்கிறது. மூன்றாவது, வேகம் திடீரென நிற்கும்போது கட்டுண்ட இடங்கள், அதாவது கிரைக்காய்டும் (குரல்வளையின் கீழ் வளையம்) காரைனாவும் நிற்க, மற்றது முன்னே போகிறது. மொத்தடியில் இப்படிக் கிழிந்தவர்களில் பெரும்பகுதியினர் சாலையிலேயே இறந்துவிடுகிறார்கள். மருத்துவமனைக்கு வருபவர்களில் இது அரிதாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். நமக்கு இதைப் பார்த்துப் பழக்கம் வராததற்கும் அதுவேதான் காரணம்.

கத்திக்குத்தில் கணக்கு வேறு. கழுத்து மூச்சுக்குழாய்தான் அதிகம் அடிபடும்.


படம்_படிப்பவர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சி.டி. இல்லாத இடத்திலும் சாதா எக்ஸ்ரே நிறையச் சொல்லும். பார்க்கும் வரிசையை எழுதுகிறேன்.

முதலில் நுரையீரல் எங்கே விழுந்திருக்கிறது. சாதாரண நியூமோதோராக்ஸில் நுரையீரல் ஹைலத்தை (குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் இடம்) நோக்கி, உள்பக்கமாகச் சுருங்கும். மெயின் பிராங்கஸ் முழுக்க அறுந்திருந்தால் பிடிமானம் ரத்தக்குழாய்கள் மட்டுமே. நிற்கும் படத்தில் அது ஹைலத்துக்குக் கீழே உதரவிதானத்தின் மேல் தொங்கும். படுத்த படத்தில் பின்னாலும் வெளிப்பக்கமும் சரியும். விழுந்த நுரையீரல் அடையாளம் என்று இதைத்தான் சொல்கிறோம். கண்டால் சந்தேகமே வேண்டாம். காணாவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, ஏனென்றால் இது அரிது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய காசநோயால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருந்தால், குழாய் முழுக்க அறுந்தாலும் அது விழாது.

அடுத்து பக்கவாட்டுக் கழுத்துப் படம். கழுத்துப் பாதுகாப்புக்காக எப்படியும் எடுப்பீர்கள், அதை எலும்புக்கு மட்டும் பார்த்துவிட்டு வீசாதீர்கள். முதுகெலும்புக்கு முன்னால் கருப்புக் கோடாகக் காற்று ஓடுகிறதா? ஹையாய்டு (நாக்கடி) எலும்பு மூன்றாம் கழுத்து முள்ளெலும்பின் மட்டத்தைத் தாண்டி மேலே ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் கீழே பிடித்திருந்த மூச்சுக்குழாய் அறுந்திருக்கலாம்.

டியூப் போட்டாயிற்று என்றால் கஃப்பின் (டியூப்பைச் சுற்றி ஊதும் பலூன்) நிழலைப் பாருங்கள். கஃப் உருண்டையாக, மூச்சுக்குழாயின் அகலத்தை விடப் பெரிதாகத் தெரிந்தால் அது கிழிசல் வழியே வெளியே பிதுங்குகிறது. டியூப்பின் நுனி மூச்சுக்குழாய்க் கோட்டை விட்டு விலகி நின்றால் டியூப்பே வெளியே போயிருக்கிறது.

சி.டி. இருக்கும் இடத்தில் 1 மி.மீ. வெட்டுகளாக எடுத்து, நுரையீரல் ஜன்னலில், கரோனல் (முன்பக்கத்திலிருந்து பார்க்கும்) திசையிலும் திருப்பிப் பாருங்கள். சுவரில் நேரடியான பிளவு, வளையம் உடைந்து கோணலானது, குழாயை ஒட்டிய காற்றுக் குமிழி ஆகியவற்றைத் தேட வேண்டும். பின்சுவரில் சிறு நெடுக்குக் கிழிசல் சி.டி.க்குத் தப்பும். சுத்தமான சி.டி. வந்தாலும் நோயாளியின் நிலை ஒத்துப்போகாவிட்டால் ஸ்கோப் போட்டே ஆக வேண்டும்.

சந்தடி சாக்கில் ஒன்று. தலை முதல் கால் வரை 13 நொடியில் எடுக்கும் லோடாக்ஸ் இயந்திரம் நம் நாட்டுச் சரக்கு. வைரச் சுரங்கத் தொழிலாளர் கல்லை விழுங்கிக் கடத்துகிறார்களா என்று பார்க்க டி பியர்ஸ் உருவாக்கியது பிறகு விபத்துப் பிரிவுக்கு வந்தது. அது இருக்கும் இடங்களில் கழுத்துக் காற்றும் நெஞ்சுக் காற்றும் ஒரே படத்தில் கிடைக்கும். ஆனால் குழாயின் சுவரை அதில் படிக்க முடியாது.


மயக்கம்_தருபவர் (ஜோகன்னஸ்பர்க், லெனேசியா)

டியூப் போடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தானாக மூச்சு விடுகிறார், பேசுகிறார், முகமூடியில் ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, சுயநினைவு உண்டு என்றால் லேடிஸ்மித்தில் டியூப் போடாதீர்கள். அவருடைய சொந்த மூச்சு உள்ளே இழுக்கும் அழுத்தம், நாம் பேக் (காற்றுப் பை) அமுக்குவது தள்ளும் அழுத்தம். தள்ளத் தொடங்கியதும் ஓட்டை வழியே போகும் காற்று பலமடங்காகிறது. தசை தளர்த்தும் மருந்து கொடுத்தால் இன்னொரு ஆபத்து. கிழிந்த இரு முனைகளையும் சுற்றியுள்ள திசுக்கள்தான் ஒட்டிப் பிடித்திருக்கும். அந்த இறுக்கம் போனதும் முனைகள் விலகலாம். கிரைக்காய்டை அமுக்குவதும் கூடாது, பாதி அறுந்ததை முழுக்க அறுத்துவிடும்.

போட்டே ஆக வேண்டும் என்றால் கண்ணால் பார்த்தே போட வேண்டும். நோயாளி விழித்த நிலையில், தானாக மூச்சுவிட, டியூப்பை ஸ்கோப்பின் மேல் ஏற்றி உள்ளே போங்கள். தொண்டைக்கு லிக்னோகெய்ன் (மரப்பு மருந்து) தெளிக்கும்போது மொத்தம் கிலோவுக்கு 9 மி.கி.யைத் தாண்டக்கூடாது. எச்சில் உலர கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி. முன்னதாகவே. ஒத்துழைக்காதவருக்கு கீட்டமின் சிறுசிறு அளவாக. இருமல் வராமல் பார்த்துக்கொள்வது பாதி வெற்றி, ஒவ்வொரு இருமலும் ஓட்டையைப் பெரிதாக்கும்.

டியூப்பின் கஃப் கிழிசலுக்குக் கீழே உட்கார வேண்டும். இந்த ஒரு வரியை மறந்தால் மேலே சொன்னதெல்லாம் வீண். கஃப் கீழே போனதும் பாட்டிலில் குமிழி சட்டென்று அடங்கினால் இடம் சரி. காரைனாவுக்கு அருகில் கிழிசல் என்றால் நல்ல பக்க மெயின் பிராங்கஸுக்குள்ளேயே டியூப்பை இறக்கி ஒரு நுரையீரலில் ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் டியூப்பை நீளம் குறைத்து வெட்டி வைக்கும் பழக்கத்தை இங்கே விடுங்கள். வலது குழாயில் இறக்கினால் மேல் மடலின் வாய் அடைபடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரட்டைக் குழாய் டியூப்பை (இரு நுரையீரலுக்கும் தனித்தனி வழி உள்ளது) நான் இங்கே முதல் தேர்வாக வைப்பதில்லை. 37, 39 அளவில் விறைப்பானது, கண்ணை மூடிக்கொண்டு திருப்பி இறக்குவது. கிழிந்த துணியில் ஊசியை ஓட்டுவது மாதிரி. ஸ்கோப் வழிகாட்டினால் மட்டும், அதுவும் அடிபடாத பக்கத்துக்கு.

போட்ட பிறகு மூச்சு அளவு கிலோவுக்கு 6 மி.லி., பீப் (மூச்சை விட்ட முடிவிலும் உள்ளே நிற்கும் அழுத்தம்) 5-க்கு மேல் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வென்டிலேட்டரில் உள்ளே போன அளவுக்கும் வெளியே வந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசிவு. அதை மணிக்கொருமுறை எழுதுங்கள். எதற்கும் அடங்காத நிலையில் எக்மோ (உடலுக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரம்) உண்டு, ஆனால் அது ஒரு சில இடங்களில் மட்டும் சாத்தியமான பேச்சு.


பிலிமோர்_வார்டுக்காரர்

@மயக்கம்_தருபவர், ஒரு சந்தேகம். கழுத்தில் கத்திக்குத்து, மூச்சுக்குழாய் வெளியே தெரிகிறது, ரத்தம் உள்ளே போகிறது, ஸ்கோப் எட்டாத தூரத்தில். கிரைக்கோதைராய்டாட்டமி (குரல்வளையின் முன்புறச் சவ்வில் வழி திறப்பது) செய்துவிடலாம் அல்லவா?


மயக்கம்_தருபவர் (ஜோகன்னஸ்பர்க், லெனேசியா)

குத்து எங்கே என்பதைப் பொறுத்தது. குரல்வளைக்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே பிரிந்திருக்கிறது என்றால் கிரைக்கோதைராய்டாட்டமி பயனற்றது, நீங்கள் பிரிந்த இடத்துக்கு மேலே டியூப் போடுகிறீர்கள். கீழ்முனை மார்புக்குள் இறங்கிவிட்டிருக்கும். அங்கே வேண்டியது டிரக்கியாஸ்டமி (மூச்சுக்குழாயிலேயே வழி திறப்பது), கீழே, நல்ல வளையத்தில்.

ஆனால் நீங்கள் சொல்வது போல ஓட்டை வெளியே வாய் பிளந்து தெரிகிறது என்றால் இரண்டும் வேண்டாம். காற்று குமிழியிடும் அந்தக் காயம் வழியாகவே 6 அல்லது 6.5 டியூப்பைக் கீழ்முனைக்குள் விடுங்கள். முழுக்க அறுந்திருந்தால் முதலில் கீழ்முனையை ஆலிஸ் கிளாம்பால் (பல் வைத்த இடுக்கி) பிடித்து மேலே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், விட்டால் உள்ளே போய்விடும். கஃப்பை ஊதுங்கள், ரத்தம் கீழே போவது நின்றது. அறுவை அறையில் நிதானமாக வாய்வழி டியூப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.


ஆம்புலன்ஸ்_என்3

பாராமெடிக் பக்கத்துல இருந்து. கழுத்துக் கத்திக்குத்துக்கு நம்ம ஊர்ல ஃபோலி (சிறுநீர்க் குழாய்) பலூன் விடுறது எல்லாருக்கும் கைவந்த வேலை. 18 அல்லது 20 நம்பர் ஃபோலி, காயத்துக்குள்ள விட்டு ரத்தம் நிற்கிற வரைக்கும் 10 முதல் 15 மி.லி. தண்ணி, தோலை பலூன் மேல தையல் போட்டு இறுக்கி, வால்ல கிளாம்ப். ஆனா அதே காயத்துல காத்தும் குமிழியிடுதுன்னா யோசிங்க. பலூன் மூச்சுக்குழாயை நெரிக்கும், இல்லன்னா ரத்தத்தை வெளிய விடாம ஓட்டை வழியா நுரையீரலுக்குள்ள அனுப்பும். முதல்ல மூச்சுவழி, அப்புறம் பலூன். ரெண்டும் ஒரே நேரத்துல முடியலன்னா விரலால அமுக்கிக்கிட்டே, உட்கார்ந்த நிலையில முன்னால சாய்ச்சு கொண்டுபோறது மேல். படுக்க வைக்காதீங்க. அவர் எந்த நிலையில சுகமா மூச்சு விடறாரோ அதுதான் சரியான நிலை.

மொத்தடியில ஆளு நல்லாத்தான் இருந்தார், பேக் அமுக்க ஆரம்பிச்சதும் பலூன் மாதிரி ஊதிட்டார்ன்னா அதுவே நோயறிதல். அமுக்குறதை மெதுவாக்குங்க, சின்னச் சின்னதா, உடனே நெஞ்சுல ஓட்டை போட்டு அடைபட்ட காத்தை வெளிய விடுங்க.

விமானத்துல அனுப்புறவங்களுக்கு: விமான கேபின் அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமா இருந்தா அடைபட்ட காத்து மூணுல ஒரு பங்கு விரியும். ஐ.சி.டி. இல்லாம நியூமோதோராக்ஸை மேலே ஏத்தாதீங்க. கஃப்லயும் காத்துதான் இருக்கு, அதுவும் விரியும். மேனோமீட்டர் (அழுத்தமானி) வச்சு 20 முதல் 30 செ.மீ. தண்ணி அழுத்தத்துக்குள்ள வச்சுக்கோங்க, ஏறும்போதும் இறங்கும்போதும் பாருங்க. பாட்டிலை நெஞ்சுக்கு மேல தூக்காதீங்க. ஸ்ட்ரெச்சர் மாத்தும்போது கிளாம்ப் போடுங்கன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க.


சிஸ்டர்_சாட்ஸ்வர்த்

டிரெயின் பாட்டில் விஷயத்துல வார்டுல நடக்கிற தப்பைச் சொல்றேன். குழாயின் முனை தண்ணிக்குள்ள 2 செ.மீ. இருக்கணும். 5 செ.மீ. வரைக்கும் தண்ணி ஊத்திட்டா அத்தனை எதிர்ப்பைத் தாண்டித்தான் காத்து வெளிய வரணும். பெரிய கசிவு இருக்கிறவருக்கு அது போதும் நுரையீரலை விரிய விடாம வைக்க. ரத்தம் சேர்ந்து மட்டம் ஏறினாலும் இதே கதைதான், அதனால பாட்டிலை மாத்துங்க, இல்லன்னா இரண்டு பாட்டில் முறைக்குப் போங்க. குழாய் தரையில வளைஞ்சு அதுல தண்ணி தேங்கினாலும் அடைப்புதான்.

குமிழியை “இருக்கு”ன்னு மட்டும் எழுதாதீங்க. இருமும்போது மட்டுமா, மூச்சு விடும்போதா, இரண்டுலயுமா, விடாமலா. இந்த நாலுல எதுன்னு எழுதினாத்தான் காலையில ரவுண்ட் வர்ற டாக்டருக்கு நேத்துக்கு இன்னைக்கு என்ன மாறுச்சுன்னு தெரியும். திடீர்னு குமிழி நின்னுட்டா சந்தோஷப்படாதீங்க. அடைச்சிருக்கலாம். மட்டம் மூச்சோட ஏறி இறங்குதான்னு பாருங்க, ஏறி இறங்கலன்னா கூப்பிடுங்க.

முகம் ஊதி கண்ணே திறக்க முடியாத அளவுக்கு இருந்தா சொந்தக்காரங்க பயந்துடுவாங்க. தோலடிக் காத்து தானா சில நாள்ல வத்தும்னு முன்னாலயே சொல்லிடுங்க. பயப்பட வேண்டியது குரல் மாறுறதுக்கும் விழுங்க முடியாததுக்கும்தான்.


லேடிஸ்மித்_எம்.ஓ.

நன்றி சிஸ்டர். இரண்டு பாட்டில் யோசனை நல்லது. அடுத்த கேள்வி: ஸ்கோப் பார்க்கிறவர்களுக்கு. எல்லாக் கிழிசலுக்கும் அறுவை உண்டா? தானாக ஆறியது என்று சிலர் எழுதுகிறார்களே.


நெஞ்சறை (டர்பன்)

ஸ்கோப் பற்றி முதலில். கிழிசல் டியூப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். டியூப் உள்ள நோயாளிக்கு ஸ்கோப் போட்டு காரைனாவைப் பார்த்துவிட்டு “நார்மல்” என்று எழுதினால், டியூப் மூடியிருந்த குரல்வளைக்குக் கீழ்ப்பகுதி பார்க்கப்படவே இல்லை. கஃப்பை இறக்கி, ஸ்கோப்பை உள்ளே நிறுத்தி, டியூப்பை மெல்லக் குரல்நாண் வரை இழுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். ஸ்கோப் உள்ளே இருப்பதால் திரும்ப வழுக்கி இறக்கலாம். ரத்தக்கட்டி ஒரு மடலை அடைத்திருந்தால் உறிஞ்சி எடுத்த பிறகே பார்த்ததாகக் கொள்ளுங்கள், அதன் அடியில்தான் ஓட்டை இருக்கும். எத்தனை செ.மீ., எந்தச் சுவர், சுற்றளவில் எவ்வளவு, காரைனாவிலிருந்து எத்தனை வளையம் தள்ளி என்று எழுதுங்கள். இவை இல்லாத அறிக்கையால் கத்தி எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது.

அறுவை வேண்டாம் என்று விடலாமா? விடலாம், ஆனால் எல்லாம் சேர்ந்தால்தான். கிழிசல் 2 செ.மீ.க்குக் குறைவு, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை, சுவர் விளிம்புகள் நேராகச் சேர்ந்திருக்கின்றன, திசு இழப்பில்லை, டிரெயினில் நுரையீரல் முழுக்க விரிந்துவிட்டது, கசிவு குறைந்து வருகிறது, உணவுக்குழாய்க்குச் சேதமில்லை, காய்ச்சலில்லை. அப்போது ஆன்டிபயாட்டிக், ஈர ஆக்சிஜன், அடிக்கடி ஸ்கோப். ஒன்று மாறினாலும் அறுவை அறைக்குப் போக வேண்டும். மொத்தடியில் மெயின் பிராங்கஸ் கிழிந்தவரை இந்தப் பட்டியலுக்குள் இழுத்துப்போட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை. இந்த வழி சரியாகப் பொருந்துவது டியூப் போடும்போது நாமே கிழித்த பின்சுவருக்குத்தான்.


மயக்கம்_தருபவர் (ஜோகன்னஸ்பர்க், லெனேசியா)

நாமே கிழிப்பது என்று சொன்னீர்கள், அது உண்மை. குள்ளமான பெண்களுக்கு ஆண் அளவு டியூப், ஸ்டைலெட் (டியூப்புக்குள் வைக்கும் கம்பி) நுனி டியூப்பை விட நீட்டிக்கொண்டிருப்பது, கஃப்பைக் கண்மூடித்தனமாக ஊதுவது, ஊதிய கஃப்போடு டியூப்பை நகர்த்துவது. டியூப் போட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கழுத்து நறநறத்தால் இதைத்தான் நினைக்க வேண்டும். வெளிச்சிறகு விரலால் தொட்டு “போதும்” என்று கஃப் ஊதும் பழக்கம் ஒழிந்தால் பாதி குறையும்.


மெடிக்கல்_மாணவி

வெளிச்சிறகு என்றால்?


மயக்கம்_தருபவர் (ஜோகன்னஸ்பர்க், லெனேசியா)

பைலட் பலூன். எங்கள் பழைய பழக்கத்தில் வந்த சொல், மன்னிக்கவும்.


நெஞ்சறை (டர்பன்)

இனி அறுவை. எங்கே திறப்பது என்பது ஸ்கோப் சொன்ன இடத்தைப் பொறுத்தது. கழுத்து மூச்சுக்குழாய்க்கு கழுத்துப்பட்டை வெட்டு, தேவைப்பட்டால் மார்பெலும்பின் மேற்பாதியைப் பிளந்து நீட்டலாம். கீழ் மூச்சுக்குழாய், காரைனா, வலது மெயின், இடது மெயினின் தொடக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் வலதுபக்க நான்காவது இடைவெளி. இடதிலிருந்து போனால் அயோர்ட்டா வளைவு குறுக்கே நிற்கும். இடது மெயினின் கடைசிப் பகுதிக்கு மட்டும் இடதுபக்க ஐந்தாவது.

விலாவிடைத் தசையால் போர்த்தப் போகிறீர்கள் என்றால், விலாக்களை விலக்கும் விரிப்பானை வைப்பதற்கு முன்னாலேயே தசையை எடுத்துவிடுங்கள். விரிப்பான் ஏறிய பிறகு எடுத்தால் ரத்த ஓட்டம் நசுங்கிய வெற்றுத் தசைதான் கையில் வரும். அதைக் குழாயைச் சுற்றி வளையமாகக் கட்டவும் கூடாது. எலும்புறை ஒட்டிக்கொண்டிருந்தால் எலும்பாகி இறுக்கும். ஒரு பக்கம் மூடினால் போதும்.

நைந்த விளிம்பை நல்ல சதை வரும் வரை வெட்டுங்கள், ஆனால் குருத்தெலும்பு வளையத்தை வீணாக்காதீர்கள். மூச்சுக்குழாய் மொத்தமே 10 முதல் 12 செ.மீ., செ.மீ.க்கு ஏறத்தாழ இரண்டு வளையம். ரத்த ஓட்டம் பக்கவாட்டிலிருந்து வருகிறது. இழுவையைக் குறைக்க முன்புறமும் பின்புறமும் மட்டும் பிரித்துத் தளர்த்துங்கள், பக்கங்களைச் சுற்றிச் சுத்தம் செய்தால் தைத்த இடம் கறுத்துப்போகும். 4-0 பாலிடயாக்சனோன் (கரையும் நூல்), தனித்தனித் தையல், முடிச்சு வெளியே. உள்ளே முடிச்சு விழுந்தால் சதை வளரும், குழாய் குறுகும். பின்சுவரைத் தொடர் தையலாக ஓட்டலாம். எல்லாத் தையலையும் போட்டு வைத்துவிட்டு, கடைசியில் தலையை முன்னே குனிய வைத்துக் கட்டுங்கள்.

தைத்ததும் உப்புநீர் ஊற்றி 30 செ.மீ. அழுத்தத்தில் பிடித்துப் பாருங்கள். சிறு குமிழி ஒன்றிரண்டு வந்தால் அதன் மேல் தசையைப் போடுங்கள், மறுபடி மறுபடி ஊசி குத்தாதீர்கள்.

கத்திக்குத்தில் உணவுக்குழாயைப் பார்க்காமல் மூடக்கூடாது. மூச்சுக்குழாய்க்கு ஒட்டிப் பின்னால்தான் அது. இரண்டையும் தைத்தால் நடுவே கழுத்துத் தசை ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டு தையல்களும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு ஃபிஸ்டுலாவாகிவிடும் (இரண்டுக்கும் இடையே வழி திறந்துவிடும்). மயக்கம் தருவதற்கு முன் நோயாளியைப் பேசச் சொல்லி, குரல் எப்படி என்று கோப்பில் எழுதுங்கள். குரல் நரம்பு குத்திலேயே போயிற்றா, நாம் வெட்டினோமா என்ற கேள்வி பிறகு வரும்.


படம்_படிப்பவர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சிறுவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளின் விலா வளையும், உடையாது. மெயின் பிராங்கஸ் அறுந்திருக்கும், ஒரு விலா கூட முறிந்திருக்காது. வெளியே சிறு சிராய்ப்பு மட்டும். பெரியவர்களில் முதல் மூன்று விலாக்கள் முறிந்திருந்தால் கிழிசலைத் தேடுங்கள், ஆனால் முறியாமல் இருப்பதை நம்பாதீர்கள்.


நியூகாசில்_மூச்சுநோய்

தவறவிட்ட கிழிசல்கள் கடைசியில் வந்து சேர்வது எங்கள் கிளினிக்கில். ஓட்டையைச் சுற்றியுள்ள திசு இரண்டு மூன்று நாளில் அடைத்துவிடும், குமிழி நிற்கும், நுரையீரல் விரியும், டிரெயினை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில வாரங்களில் அந்த இடத்தில் சதை வளர்ந்து குழாய் குறுகும். ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம், ஆஸ்துமா என்று பம்ப் கொடுப்பார்கள். நம் நாட்டில் இன்னொரு பொறி: ஒரு மடல் சுருங்கிய எக்ஸ்ரேயைப் பார்த்ததும் காசநோய் மாத்திரை ஆரம்பித்துவிடுவது. காசநோயும் கிளைக்குழாயைக் குறுக்கும்தான், அதனால் சளி சோதனை செய்யுங்கள். ஆனால் நெஞ்சில் அடிபட்டது எப்போது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு.

இதில் ஒரு விசித்திரம். குழாய் பாதி கிழிந்தவரை விட முழுக்க அறுந்து மூடிக்கொண்டவருக்குப் பின்னால் யோகம். முழுக்க மூடிய நுரையீரலுக்குள் கிருமி போக வழியில்லை. சளி நிறைந்து சுருங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். மாதங்கள், ஆண்டுகள் கழித்து இணைத்தாலும் திரும்ப விரிந்த நுரையீரல்கள் உண்டு. பாதி குறுகியது தேங்கும், சீழ் பிடிக்கும், பிராங்கியெக்டேசிஸ் (கிளைக்குழாய்கள் நிரந்தரமாக அகன்று கெடுவது) ஆகும், கடைசியில் வெட்டி எடுக்க வேண்டும்.

உயிர்களுக்கு இது தானாக ஆறும் என்பது பழைய செய்தி. 1871-இல் வின்ஸ்லோ என்பவர் வேட்டையில் விழுந்த வாத்து ஒன்றின் இடது கிளைக்குழாய் எப்போதோ முறிந்து ஆறியிருந்ததைப் பதிவு செய்தார். மனிதரில் ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று 1873-இல், வண்டி ஏறிய மூதாட்டியின் பிரேதப் பரிசோதனையில். வாத்துக்கு நம்மை விட அதிர்ஷ்டம்.


பிலிமோர்_வார்டுக்காரர்

பழைய காசநோய்க் கட்டிகள் ஹைலத்தில் இருந்தால் அறுவையில் என்ன செய்வீர்கள் @நெஞ்சறை?


நெஞ்சறை (டர்பன்)

சுண்ணாம்பான முடிச்சு பிராங்கஸுக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையில் உட்கார்ந்திருக்கும். அதைத் தோண்டி எடுக்கப் போனால் தமனி கிழியும். பெரிகார்டியத்தை (இதய உறை) திறந்து உள்ளேயே தமனியைச் சுற்றி நாடா போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தொடுங்கள். முடிச்சை விட்டுவிட்டுச் சுற்றித் தைக்க முடிந்தால் விட்டுவிடுவதே புத்தி. முழு நுரையீரலை எடுப்பது கடைசி வழி. அடிபட்டு ரத்தம் இழந்தவருக்கு அது தாங்காது.


சிஸ்டர்_சாட்ஸ்வர்த்

தாடைத் தையல் பத்தி யாராச்சும் சொல்லுங்க. வார்டுல அதைப் பார்த்ததும் புது நர்ஸ்கள் வெட்டிடறாங்க.


நெஞ்சறை (டர்பன்)

தாடையிலிருந்து மார்பெலும்புத் தோலுக்கு ஒரு தடித்த தையல், தலை பின்னால் சாயாமல் இருக்க. அதை வெட்டினால் மூச்சுக்குழாய்த் தையல் மேல் முழு இழுவையும் விழும். ஏழு நாள் இருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், ஷிஃப்ட் மாறும்போது வாயாலும் சொல்லுங்கள். கழுத்தை மார்போடு ஒட்டி இறுக்குவது இதன் நோக்கமல்ல, பின்னால் போகாமல் தடுப்பதுதான். அவர் விழுங்கவும் பேசவும் முடிய வேண்டும். முடிந்தால் டியூப்பை அறுவை மேசையிலேயே எடுத்துவிடுகிறோம். எடுக்க முடியாதவருக்கு கஃப் தையல் கோட்டின் மேல் உட்காரக்கூடாது. ஸ்கோப் போட்டுப் பார்த்து டியூப்பின் நீளத்தை எழுதி வையுங்கள், பல்லில் எத்தனை செ.மீ. என்று.

ஏழாம் நாள் தையலை எடுக்கும் முன் ஒரு ஸ்கோப். சதை வளர்கிறதா, விளிம்பு வெளுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு வெட்டுங்கள். மூன்று மாதத்தில் இன்னொன்று.


சிஸ்டர்_சாட்ஸ்வர்த்

சரி டாக்டர். கஞ்சி எப்போ கொடுக்கலாம்?


நெஞ்சறை (டர்பன்)

உணவுக்குழாய் தைக்கப்படவில்லை என்றால் முழு விழிப்பு வந்ததும் முதலில் கெட்டியாக்கிய பானம், ஸ்பூனில். தலை குனிந்தே இருப்பதால் தண்ணீர்தான் முதலில் புரையேறும், கஞ்சி அல்ல. உணவுக்குழாயும் தைத்திருந்தால் ஏழாம் நாள் கான்ட்ராஸ்ட் விழுங்க வைத்துப் படம் எடுத்த பிறகு.


லேடிஸ்மித்_எம்.ஓ.

இரண்டாவது டிரெயின், வெறும் சீல், டியூப் இல்லாமல் உட்கார வைத்தே டர்பனுக்கு. வரிசை பிடிபட்டது. டியூப்பே போட வேண்டியிருந்தால் வெட்டாத டியூப், 7-க்குக் குறையாதது, ஸ்கோப் நுழைகிற மாதிரி. இவற்றை அவசரப்பிரிவு டிராலியில் தனிப் பையாகக் கட்டி வைக்கிறோம். ஃபோலி 18, ஆலிஸ் இரண்டு, 6-ம் 7-ம் டியூப், கஃப் மேனோமீட்டர். வேறு ஏதாவது விட்டுப்போனதா?


ஆம்புலன்ஸ்_என்3

கூட ஒரு பாட்டிலும் அதுக்குத் தண்ணியும். பாதி வழியில பாட்டில் கவிழும்.